டியூப் சட்ட ராக் கிராலர் சேஸிஸ்: எந்த உலோகம், எந்தத் தடிமன், எந்த இணைப்பு

ஆர்சி ராக் கிராலருக்கு (பாறைமேல் ஏறி ஓடும் ரிமோட் கார்) டியூப் சேஸிஸ் (குழாய், கம்பிகளால் ஆன சட்டம்) கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த உலோகம் உறுதியானது?" என்றுதான். அதற்கு முன்னால் பதில் தேட வேண்டிய கேள்வி வேறு: கையில் இருக்கும் கருவியால் எதை ஒழுங்காக இணைக்க முடியும்? கிராலர் பாறையிலிருந்து உருண்டு விழும்போது கம்பி நடுவில் முறிவது அபூர்வம். விட்டுப்போவது இணைப்புதான். அதனால் பொருள் தேர்வு டார்ச்சிலிருந்தும் வெல்டிங் மெஷினிலிருந்தும் தொடங்குகிறது, உலோகக் கடையிலிருந்து அல்ல.

கீழே வரும் அளவுகள் எல்லாம் 1/10 அளவுக் கிராலருக்கானவை: 1.9 அங்குல வீல், சுமார் 313 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் வீல்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்), பேட்டரியோடு 2 முதல் 3 கிலோ எடை.

படி 1: இணைப்பு முறையை முடிவு செய்யுங்கள்

நான்கு வழிகள் நடைமுறையில் உள்ளன.

மென் சால்டரிங். வெள்ளீயமும் ஈயமும் கலந்த சாதாரண 60/40 சால்டர் 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். 4 சதவீத வெள்ளி கலந்த, ஈயமில்லாத சால்டர் 221 டிகிரியில் உருகத் தொடங்கும். ஈயச் சால்டரைவிடத் தெளிவாக வலுவானது. பித்தளைக்கு இது நன்றாக ஒத்துவரும். ஸ்டீலிலும் பிடிக்கும், ஆனால் வெறும் முனையை முனையோடு வைத்து ஒட்டினால் நிற்காது. இணைப்பைச் சுற்றி 0.4 அல்லது 0.5 மி.மீ. செம்புக் கம்பியை எட்டுப் பத்து சுற்று இறுக்கிச் சுற்றி, அதன்மேல் சால்டரை ஓடவிட வேண்டும். சால்டர் பிடிக்கும் பரப்பு பல மடங்கு கூடுவதால்தான் அது தாங்குகிறது.

சில்வர் பிரேசிங் (சட்டத்தின் உலோகம் உருகாமல், வெள்ளி கலந்த கம்பியை மட்டும் உருக்கி இணைப்பது). 45 முதல் 56 சதவீத வெள்ளி உள்ள கம்பி, சுமார் 650 முதல் 700 டிகிரி. ஸ்டீல் மங்கலாகச் சிவக்கும் நேரத்தில் கம்பி தண்ணீராக ஓடி இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளும். 5 மி.மீ. தடிமன் வரை புரொப்பேன் டார்ச்சும் இரண்டு மூன்று தீச்செங்கல்லும் போதும். வீட்டு மேசையில் டியூப் சேஸிஸ் கட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது எங்கள் கருத்து. ஒரு நிபந்தனை: இடுக்கு 0.05 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பெரிய இடைவெளியை இது நிரப்பாது. வாங்கும்போது கேட்மியம் இல்லாத கம்பிதானா என்று பாருங்கள். கேட்மியப் புகை நுரையீரலுக்கு நஞ்சு.

பித்தளைக் கம்பி பிரேசிங். ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். சாதாரண புரொப்பேன் டார்ச் இங்கே திணறும்; ஆக்சிஜன் கலந்த சுடர் தேவை. இடைவெளியை நிரப்பும், மூலையில் அழகான வளைவாகத் தேங்கும். அரம் போடுவதில் கை தேறாதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

வெல்டிங். டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையிலிருந்து வரும் மின்வில்லால் உருக்குவது) 1 அல்லது 1.6 மி.மீ. டங்ஸ்டன், 20 முதல் 40 ஆம்பியர் என்ற வரம்பில் மெல்லிய டியூபையும் இணைக்கலாம். மிக் வெல்டிங்கில் (மெஷின் தானாகவே வயரைத் தள்ளி உருக்குவது) 0.6 மி.மீ. வயர் போட்டாலும், சுவர் 1 மி.மீ.க்குக் குறைந்த டியூபில் ஓட்டை விழும். மிக் மெஷின் மட்டுமே கையில் இருந்தால் டியூபை மறந்துவிட்டுக் கெட்டிக் கம்பிக்குப் போங்கள். அதில் குறைவொன்றும் இல்லை, எடை மட்டும் ஏறும்.

படி 2: எடையையும் விறைப்பையும் எண்ணில் பாருங்கள்

நிஜ ராக் பக்கிகளில் பரவலாக வரும் டியூப் 1.75 அங்குலம், அதாவது 44.5 மி.மீ. பத்தில் ஒரு பங்கு 4.45 மி.மீ. ஆகவே தோற்றத்துக்கு 4 முதல் 5 மி.மீ. விட்டம் சரியாக இருக்கும். 3/16 அங்குல டியூப், அதாவது 4.76 மி.மீ., கார் பிரேக் லைனாகவே கிடைக்கிறது. சுவர்த் தடிமன் 0.71 மி.மீ.

விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும். விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் விறைப்பு சரசரவென்று இறங்கிவிடும். 4.76 மி.மீ. கெட்டி ஸ்டீல் கம்பியின் விறைப்பை 100 என்று வைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் எடையோடு பாருங்கள்:

4.76 மி.மீ. கெட்டி ஸ்டீல்: 140 கிராம், விறைப்பு 100
4.76 மி.மீ. ஸ்டீல் டியூப், சுவர் 0.71: 71 கிராம், விறைப்பு 76
4 மி.மீ. கெட்டி ஸ்டீல்: 99 கிராம், விறைப்பு 50
3.2 மி.மீ. கெட்டி ஸ்டீல்: 63 கிராம், விறைப்பு 20
4.76 மி.மீ. பித்தளை டியூப், சுவர் 0.36: 42 கிராம், விறைப்பு 25
6 மி.மீ. கெட்டி அலுமினியம்: 76 கிராம், விறைப்பு 85

இரண்டாவதையும் நான்காவதையும் சேர்த்துப் பாருங்கள். 3.2 மி.மீ. கம்பியைவிட எட்டு கிராம்தான் கூடுதல். விறைப்போ ஏறக்குறைய நான்கு மடங்கு. கெட்டிக் கம்பியின் நடுவில் இருக்கும் உலோகம் எடைக்கு இருக்கிறதே தவிர வளைவை எதிர்க்க அதிகம் உதவுவதில்லை. டியூபின் லாபம் முழுக்க இங்கேதான்.

விறைப்பு எதற்கு என்றால், டிரைவ் ஷாஃப்டின் முறுக்கு சட்டத்தையே ஒரு பக்கம் திருகப் பார்க்கும். சட்டம் திருகினால் ஷாக் அப்சார்பர் செய்ய வேண்டிய வேலையைச் சட்டம் செய்யும். எவ்வளவு ட்யூனிங் செய்தாலும் வண்டி ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஏறும்.

எடை எவ்வளவு என்பதைவிட எந்த உயரத்தில் என்பது முக்கியம். 2.5 கிலோ வண்டியில் 100 கிராமைக் கூரையிலிருந்து (தரையிலிருந்து 220 மி.மீ.) வண்டியின் அடியைக் காக்கும் தட்டான ஸ்கிட் பிளேட்டுக்கு (70 மி.மீ.) இறக்கினால் ஈர்ப்பு மையம் 6 மி.மீ. இறங்கும். ஈர்ப்பு மையம் 100 மி.மீ. உயரத்திலும், வீல்களின் பாதி அகலம் 110 மி.மீ. ஆகவும் இருந்தால், வண்டி பக்கவாட்டில் கவிழும் கோணம் ஏறக்குறைய 48 டிகிரியிலிருந்து 49.5 டிகிரிக்குப் போகும். டயர் அமுங்குவதையும் ஷாக் சாய்வதையும் சேர்க்காத கணக்கு இது; ஆனாலும் போக்கு இதுதான். ஆகவே கூரையில் ஒவ்வொரு கிராமையும் சண்டை போட்டுக் குறைக்க வேண்டும். அடிக்கட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி 3: பொருள்களை ஒவ்வொன்றாக

மைல்ட் ஸ்டீல். எல்லா இணைப்பு முறைக்கும் ஒத்துழைக்கும், அடிபட்டால் உடையாமல் வளையும், வளைந்ததை வைஸில் வைத்து நிமிர்த்தலாம். பல வடிவங்களில் கிடைக்கும். வடிவத்துக்கு வடிவம் குணம் மாறும்.

குளிர்முறையில் இழுத்த பளபளப்பான கம்பி அளவில் துல்லியமாக இருக்கும், மேற்பரப்பு சுத்தம். கறுப்புச் செதில் படிந்த சூடாக உருட்டிய கம்பியும் பயன்படும், ஆனால் செதிலை முழுவதும் எமரித் தாளால் எடுக்காமல் பிரேசிங் செய்தால் சில்வர் செதிலின்மேல் ஒட்டும், ஸ்டீலில் ஒட்டாது. லேத் வேலைக்கென்று ஈயமும் கந்தகமும் சேர்த்த ஸ்டீல் கம்பி ஒன்று உண்டு. கடைவதற்கு அருமையானது, வெல்டிங்கில் விரிசல் விடும். வாங்கும்போது கேட்டுத் தவிர்த்துவிடுங்கள்.

வெல்டிங் ஃபில்லர் கம்பி, இஆர்70எஸ்-6 போன்றவை, 1.6, 2.4, 3.2 மி.மீ. விட்டத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் நேராக வரும். மேலே மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும். பிரேசிங்குக்கு அது தடையில்லை. குறுக்குக் கம்பிக்கும் மூலைக் கம்பிக்கும் (மூலைக்கு மூலை சாய்வாகப் போவது) இதைவிடச் சுலபமாக எதுவும் கிடைக்காது. சாதாரண ஆர்க் வெல்டிங் ராடின் மேல்பூச்சைத் தட்டி உதிர்த்தாலும் உள்ளே 3.15 அல்லது 4 மி.மீ. மென்மையான ஸ்டீல் கம்பி இருக்கும். நீளம் 350 முதல் 450 மி.மீ. தான் என்பதால் நெடுஞ்சட்டத்துக்குப் பற்றாது, மற்றதற்குப் பற்றும்.

பிரேக் லைன் டியூபில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, மேலே துத்தநாகமோ பிளாஸ்டிக் பூச்சோ இருக்கும். இணைக்கும் இடத்தில் 15 மி.மீ. வரை சுரண்டி வெறும் ஸ்டீல் தெரிய வேண்டும். துத்தநாகப் பூச்சைச் சுட்டால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல வரும். இதே காரணத்துக்காகத்தான் கால்வனைஸ் செய்த கம்பி எதுவும் வேண்டாம் என்கிறோம். இரண்டு, சுருளாக வாங்கினால் நேராக்குவதே பாதி வேலை. நேர்த்துண்டாகக் கிடைத்தால் அதை எடுங்கள். மூன்று, செம்பு நிக்கல் பிரேக் லைன் கையாலேயே வளையும். கட்டுவதற்குச் சுகம், அதே சுகத்தோடு முதல் உருளலில் கூரை அமுங்கிப்போகும்.

குரோமோலி 4130. பெயர் கவர்ச்சியானது. நிரந்தரமாக வளைவதற்கு அதிக விசை கேட்கும் என்பது உண்மை. ஆனால் விறைப்பில் மைல்ட் ஸ்டீலுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் 200 முதல் 210 கிகாபாஸ்கலுக்குள்தான். இந்த அளவு வண்டியில் அதன் கூடுதல் வலிமை பயன்படும் சந்தர்ப்பம் மிகக் குறைவு. டிக் வெல்டிங் தெரிந்தவர் தவிர மற்றவர்கள் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துருப்பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்கிறார்கள். வளைத்தால் நிறையத் திரும்பி எழும். வளைக்க வளைக்கக் கடினமாகும். துளையிடும் பிட்டைத் தின்னும். பிரேசிங்குக்கு ஃபுளோரைடு கலந்த வீரியமான ஃபிளக்ஸ் (உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை நீக்கும் பசை) வேண்டும். பெயின்ட் அடிக்காமல் பளபளவென்று வைக்க விரும்புபவர்களுக்கு மட்டும்.

ஸ்பிரிங் கம்பி, பியானோ கம்பி. வேண்டாம். சுட்ட இடத்தில் அதன் குணம் போய்விடும், பக்கத்தில் நொறுங்கும்.

பித்தளை. வளைக்க, அறுக்க, சால்டர் செய்ய எல்லாவற்றிலும் இனிமை. மெல்லிய சுவர் பித்தளை டியூப் 1/32 அங்குல இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி வருகிறது. ஒரு அளவு சிறிய டியூபை உள்ளே 15 மி.மீ. செருகி இணைத்தால் நீட்டிப்பு கச்சிதமாக அமையும். இங்கே வரும் பெரிய தவறு வெப்பம். கடையில் வாங்கும் டியூப் இழுப்பினால் கடினமானது. சில்வர் பிரேசிங் வெப்பத்துக்குப் போனால் அந்தக் கடினம் முழுதும் கரைந்து, இணைப்பு நன்றாக இருக்கும், அதை ஒட்டிய டியூப் வெண்ணெயாகிவிடும். ஆகவே பித்தளைக்கு வெள்ளி கலந்த மென் சால்டரே சரி. 0.36 மி.மீ. சுவர் ஒரு கல்லில் மோதினாலே குழி விழும் என்பதையும் மறக்க வேண்டாம். கூரைக்கும் அலங்கார வேலைக்கும் சரி, அடிக்கட்டைக்குச் சரியில்லை.

அலுமினியம். மேலே உள்ள எண்ணைப் பார்த்தால் 6 மி.மீ. அலுமினியம் ஸ்டீல் டியூபுக்குச் சமமாக நிற்கிறது. காகிதத்தில் தோற்காத பொருள், இணைப்பில் தோற்கிறது. ஏசி டிக் மெஷின் வேண்டும். 6061-டி6 போன்ற கடினமான ரகத்தில் வெல்டிங்கை ஒட்டிய பகுதியின் வலிமை பாதிக்குப் பக்கம் இறங்கிவிடும். டார்ச்சால் உருக்கும் அலுமினியப் பிரேசிங் கம்பி 390 டிகிரியைச் சுற்றி உருகும். ஆக்சைடு படலத்தை ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் கிழித்துக்கொண்டே செய்யாவிட்டால் பந்து பந்தாக மேலேயே நிற்கும். அலுமினியம் நிறம் மாறாமலேயே 660 டிகிரிக்குள் சரிந்துவிடும், முன்னறிவிப்பே இருக்காது. டி6 ரகத்தை இறுக்கமாக வளைத்தால் வெளிப்புறம் விரிசல் விடும். வளைப்பதற்கு 5052, 6063 போன்ற மென்மையான ரகங்கள். சட்டத்துக்கு வேண்டாம், லிங்குக்கும் (வீல் அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் கம்பி) தட்டுகளுக்கும் அலுமினியம் அருமை.

கார்பன் ஃபைபர் டியூபை வளைக்க முடியாது. பாறையில் உரசினால் நார் பிரிந்து நீளவாக்கில் பிளக்கும். ஏபிஎஸ், ஸ்டைரீன் டியூப் அலமாரியில் நிற்கும் மாடலுக்கு. 3டி பிரின்ட் சட்டம் அடுக்குக் கோட்டில் ஒடியும். ஆனால் பின்னிரண்டும் சேஸிஸ் வடிவத்தை முன்கூட்டி ஒத்திகை பார்க்கப் பயன்படும்.

படி 4: எந்த இடத்துக்கு எது, எவ்வளவு

ஒரே பொருளில் முழுச் சட்டத்தையும் கட்ட வேண்டியதில்லை. கீழ் நெடுஞ்சட்டம் கல்லில் உரசும், இடிக்கும். அங்கே டியூப் குழி விழும், கூடுதல் எடையோ அங்கே நமக்கு நல்லது. மேலே அதற்கு நேர்மாறு. ஆகவே சில்வர் பிரேசிங் செய்பவருக்கு எங்கள் பரிந்துரை:

கீழ் நெடுஞ்சட்டம் 2, தலா 450 மி.மீ.: 4.76 மி.மீ. கெட்டி மைல்ட் ஸ்டீல். மொத்தம் 0.9 மீட்டர், 126 கிராம்.

மேல் நெடுஞ்சட்டம் 2, தலா 500 மி.மீ.; முன் ஹூப், நடு ஹூப் (குறுக்கே நிற்கும் வளைவுகள்), தலா 450 மி.மீ.; ஷாக் ஹூப் (ஷாக் அப்சார்பரின் மேல்முனையைத் தாங்கும் வளைவு) 2, தலா 300 மி.மீ.: 4.76 மி.மீ. ஸ்டீல் டியூப், சுவர் 0.71. மொத்தம் 2.5 மீட்டர், 178 கிராம்.

குறுக்குக் கம்பி 8, தலா சுமார் 110 மி.மீ.; மூலைக் கம்பி 8, தலா சுமார் 140 மி.மீ.: 3.2 மி.மீ. ஃபில்லர் கம்பி. மொத்தம் 2 மீட்டர், 126 கிராம்.

எல்லாம் சேர்ந்து 430 கிராம். முழுதும் 4.76 கெட்டிக் கம்பியில் கட்டினால் 756 கிராம் வந்திருக்கும். அறுப்பு, வளைப்புச் சோதனை, வீணாவது எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றிலும் 20 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள்.

மிக் வெல்டிங் மட்டும் உள்ளவர் கீழே 5 மி.மீ., மேலே 4 மி.மீ. கெட்டிக் கம்பி எடுக்கலாம். மென் சால்டரிங் மட்டும் உள்ளவர் கீழே ஸ்டீல் கம்பி, மேலே பித்தளை டியூப், எல்லா இணைப்பிலும் செம்புக் கம்பிச் சுற்று என்று போகலாம். பாறையில் கடுமையாக ஓட்டாதவரை அது தாங்கும்.

மூலைக் கம்பிகளைத் தடிமனாக்குவது வீண். முக்கோணமாக அமைந்த சட்டத்தில் அவை பெரும்பாலும் இழுவிசையும் அழுத்துவிசையும்தான் வாங்கும், வளைவு குறைவு, 3.2 மி.மீ. தாராளம். முக்கோணமே இல்லாமல் செவ்வகமாக விட்டால் 5 மி.மீ. கம்பி போட்டாலும் திருகும்.

படி 5: வாங்கும்போது சோதியுங்கள்

காந்தம் கொண்டுபோங்கள். பலமாக ஒட்டினால் ஸ்டீல். பொதுவான 304 ஸ்டெயின்லெஸ் ஒட்டாது, அல்லது லேசாக மட்டும் இழுக்கும். விட்டத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். 3/16 என்று சொல்லி 5 மி.மீ. கொடுத்தால் வளைக்கும் கருவியில் உட்காராது. ஒரு துண்டைக் கையால் வளைக்கக் கேளுங்கள். வளைந்து அப்படியே நின்றால் மைல்ட் ஸ்டீல், துள்ளித் திரும்பினால் ஸ்பிரிங் ரகம். மங்கலான சாம்பல் பூச்சு, பூப்பூவாகப் பளபளப்பு இருந்தால் துத்தநாகம். குரோம் பூசிய கம்பி பார்க்க அழகு, சுடும் வேலைக்கு ஆகாது.

படி 6: முதலில் மாதிரி இணைப்பு

சட்டத்தைத் தொடுவதற்கு முன், அதே கம்பி, அதே ஃபிளக்ஸ், அதே டார்ச்சால் டி வடிவில் மூன்று துண்டுகளை இணைத்துப் பாருங்கள். ஆறியதும் வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடியுங்கள். கம்பி வளைந்து இணைப்பு நின்றால் தேர்வு சரி. இணைப்பு கழன்றால் முறிந்த முகத்தைப் பாருங்கள். வெறும் ஸ்டீல் தெரிந்தால் உலோகம் நனையவே இல்லை: அழுக்கோ, வெப்பப் போதாமையோ. கறுப்பாகக் கருகிய ஃபிளக்ஸ் தெரிந்தால் நேரம் அதிகமாகிவிட்டது. இரு முகத்திலும் சில்வர் ஒட்டியிருந்து நடுவில் பிளந்திருந்தால் இடுக்கு பெரிது. அரம் போடுவதில் கவனம் வேண்டும். மூன்றாவது துண்டும் கழன்றால் பொருளையோ முறையையோ மாற்றுங்கள்.

படி 7: வளைத்தல், அறுத்தல், வாய் வெட்டுதல்

முழு அளவு வரைபடத்தை எம்டிஎஃப் பலகையில் ஒட்டி, கோட்டின் இருபுறமும் ஆணி அடித்தால் ஜிக் (துண்டுகளை இடத்தில் பிடித்து வைக்கும் பலகை) தயார். ஒவ்வொரு துண்டையும் வளைத்து அதன்மேல் வைத்துப் பார்த்துத்தான் அறுக்க வேண்டும். முதலில் வளைப்பு, பிறகு அறுப்பு. இதைத் தலைகீழாகச் செய்தால் துண்டு குறைந்துபோகும்.

90 டிகிரி வளைவுக்கு நீளக் கணக்கு இப்படி: மைய ஆரம் 15 மி.மீ. என்றால் வளைவின் நீளம் 23.6 மி.மீ.; கூர்மூலையாக அளந்திருந்தால் 30. ஒவ்வொரு வளைவுக்கும் 6.4 மி.மீ. கழிக்க வேண்டும். வேறு ஆரத்துக்கு ஆரத்தை 0.43 ஆல் பெருக்கிக் கழியுங்கள். டியூபை பிரேக் லைன் பெண்டரில் வளையுங்கள். விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் உட்புறம் நசுங்கும். இன்னும் இறுக்கமாக வேண்டுமானால் நன்றாகக் காய்ந்த நுண்மணலை அடைத்து இரு முனையையும் மூடி வளைக்கலாம். ஈரமணல் போட்டு, மூடிய முனையோடு டார்ச்சைக் காட்டினால் நீராவி வெடித்துச் சிதறும். ஸ்டீல் சில டிகிரி திரும்பி எழும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வளைத்து நிறுத்துங்கள்.

ஒரே விட்டமுள்ள இரு டியூப் செங்குத்தாகச் சேரும் இடத்தில், மையத்திலிருந்து மையத்துக்குள்ள நீளத்துக்கே அறுத்து, இரு முனையிலும் 5 மி.மீ. வட்ட அரத்தால் மீன்வாய் போட வேண்டும். குழியின் ஆழம் ஆரத்துக்குச் சமம்: 2.4 மி.மீ. 3.2 மி.மீ. கம்பி 4.76 மேல் உட்காரும்போது 0.6 மி.மீ. ஆழக் குழி போதும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் கசியக் கூடாது. சலிப்பான வேலை, ஆனால் சேஸிஸின் ஆயுள் இந்த அரத்தில்தான் இருக்கிறது.

இரு முனையும் அடைபடும் ஒவ்வொரு டியூபிலும், உள்பக்கம் பார்த்து 1 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் கடைசி இணைப்பைச் சுடும்போது உள்ளே விரியும் காற்று, உருகிய சில்வரை ஊசித்துளை விட்டு வெளியே தள்ளும். எத்தனை முறை பூசினாலும் அதே இடத்தில் ஓட்டை விழுவதன் காரணம் இதுதான்.

படி 8: இணைக்கும் வரிசை

கீழ்த்தளத்தை முதலில் தட்டையாக முடியுங்கள். பிறகு ஹூப்களை நிறுத்தி, எல்லா இணைப்பிலும் ஒரு பொட்டு மட்டும் வைத்து, எதிரெதிர் மூலைகளின் நீளத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சரியானபின் ஜிக்கிலிருந்து எடுத்துத் தீச்செங்கல் மேல் வைத்து முழுதாக இணையுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இடம், வலம், முன், பின் என்று மாறி மாறிப் போனால்தான் சட்டம் கோணாது.

கெட்டிக் கம்பியும் டியூபும் சேரும் இடத்தில் சுடரைக் கெட்டிக் கம்பிமேல் காட்டுங்கள். டியூபைச் சுட்டால் அது முன்னதாகவே சிவந்து, ஃபிளக்ஸ் கருகி, சில்வர் அந்தப் பக்கம் மட்டும் ஓடிவிடும். சில்வர் கம்பியைச் சுடரில் உருக்கிச் சொட்ட விடக் கூடாது. சூடான உலோகத்தில் தொட்டதும் தானாக உருக வேண்டும். அடுத்தடுத்து இரு இணைப்பு இருந்தால் முடிந்ததன்மேல் ஈரத்துணியைச் சுற்றுங்கள். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

படி 9: தட்டுகளும் மவுண்டுகளும்

லிங்க் மவுண்ட், ஷாக் மவுண்ட் காதுகளுக்கு 1.5 முதல் 2 மி.மீ. ஸ்டீல் தகடு, எம்3 போல்ட்டுக்கு 3.2 மி.மீ. துளை. காதைக் கம்பியின் மேல் விளிம்பால் மட்டும் நிற்க விடாமல், கம்பியை அணைக்கும்படி குழி போட்டு உட்கார வையுங்கள். ஷாக் மவுண்டில் துளையை ஒன்றோடு நிறுத்தாமல் 8 மி.மீ. இடைவெளியில் மூன்று போட்டால் பிறகு ட்யூனிங் எளிது. ஷாக் ஹூப்பின் இரு மேல்மூலைகளையும் குறுக்கே கட்டாமல் விட்டால் சட்டம் முதலில் விரிவது அங்கேதான்.

ஸ்கிட் பிளேட்டுக்கு 5 அல்லது 6 மி.மீ. அசிடால் பிளாஸ்டிக். கல்லில் வழுக்கிச் செல்லும், 3.3 மி.மீ. துளையில் எம்4 மரை நேரடியாகப் போடலாம். அலுமினியத் தட்டு கல்லைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். கியர்பாக்ஸ் தட்டு 2.5 அல்லது 3 மி.மீ. அலுமினியம். பக்கப் பலகைகளுக்கு 0.75 அல்லது 1 மி.மீ. பாலிகார்பனேட், திருகு போடாமல் 2.5 மி.மீ. கேபிள் டையால் கட்டினால் விழும்போது பலகை கிழியாமல் டை அறும், அதை மாற்றுவது ஒரு நிமிட வேலை.

படி 10: கழுவி, பெயின்ட்

சில்வர் பிரேசிங் ஃபிளக்ஸ் ஆறியதும் கண்ணாடி போல ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். மென் சால்டரிங்கில் அமில ஃபிளக்ஸ் பயன்படுத்தியிருந்தால் சோடா உப்புக் கரைத்த நீரில் கழுவி, மறுபடி நல்ல நீரில் அலசி, உடனே காயவையுங்கள். துளைகளின் வழியே உள்ளே போன நீரும் வெளியே வர வேண்டும்; சட்டத்தைத் திருப்பித் திருப்பி வெப்பக் காற்றில் காட்டுங்கள். உள்ளே தங்கிய அமிலம் சில மாதத்தில் டியூபை உள்ளிருந்தே தின்றுவிடும்.

பவுடர் கோட்டிங் கொடுப்பவர்கள் இணைப்பு முறையைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். அதன் அடுப்பு பொதுவாக 180 முதல் 200 டிகிரியில் ஓடும். ஈய சால்டரில் கட்டிய சட்டம் உள்ளே போனால் துண்டு துண்டாகத்தான் திரும்பி வரும். வெள்ளி கலந்த 221 டிகிரி சால்டருக்கும் இடைவெளி மிகக் குறைவு. சில்வர் பிரேசிங்குக்கும் வெல்டிங்குக்கும் பயமில்லை. எம்3 மரைகளில் பழைய போல்ட்டைத் திருகிவிட்டு அனுப்புங்கள், இல்லையேல் பூச்சு மரையை அடைத்துவிடும்.

வீட்டிலேயே என்றால் பிரைமர் ஒரு மெல்லிய கோட், அதன்மேல் மங்கலான வெளிர் நிற ஸ்ப்ரே. கறுப்பு அழகாக இருக்கும். ஆனால் வெளிர் நிறத்தில்தான் முடிபோன்ற விரிசல் கண்ணில் படும். முதல் இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு ஷாக் ஹூப்பின் மேல்மூலை, கீழ் லிங்க் காது, முன் ஹூப் கீழ் நெடுஞ்சட்டத்தில் சேரும் இடம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பெயின்ட் இணைப்பின் ஓரமாக வளையமாகக் கீறியிருந்தால் உள்ளே இணைப்பு அசைகிறது. அங்கே மேலே சில்வரைப் பூசி மூட வேண்டாம்: பெயின்ட்டை 20 மி.மீ. தூரம் சுரண்டி, இணைப்பைச் சுட்டுப் பிரித்து, முகங்களைச் சுத்தம் செய்து, 1 மி.மீ. தகட்டில் சிறு முக்கோண மூலைத்தகடு ஒன்றையும் சேர்த்து மறுபடி இணையுங்கள்.